தாதியின் கைகளும் கலைஞரின் கண்களும்

இன்பத்தை வேண்டாதார் உலகில் இலர். ஆயினும், அது எங்கே உறைகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. பெருஞ்செல்வம் சேர்ந்தால் இன்பம் தானே வந்தடையும் என்பர் சிலர். உயர்ந்த பதவி கிட்டினால் மனம் நிறையும் என்பர் வேறு சிலர். திருவிழா நாளையும் திருமண நாளையுமே இன்ப நாட்களாகக் கொண்டு, மற்ற நாட்களை வெறும் நாட்களாகத் தள்ளிக் கழிப்போர் மிகப் பலர். ஓராண்டில் வரும் சிறப்பு நாட்கள் எத்தனை? அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சிய முந்நூறுக்கு மேற்பட்ட நாட்களும் அன்றாட நாட்களே. அந்நாட்களில் இன்பம் காணத் தெரியாதவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே இழந்தவர் ஆகின்றார்.

அன்றாடப் பொழுதில் மறைந்து கிடக்கும் இன்பத்தையும் பொருளையும் காண்பதற்குப் பழக்கம் தரும் தொழில்கள் சில உண்டு. அவற்றுள் இரண்டு, தாதியின் தொழிலும் நிழற்படக் கலைஞரின் தொழிலும் ஆகும். மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒன்று நோயாளியின் படுக்கையருகே நிகழ்வது. மற்றொன்று கருவியைக் கையிலேந்தி ஊரெங்கும் திரிவது. ஒன்று தொண்டு, மற்றொன்று கலை. ஆனால் ஆழ்ந்து நோக்கினால், இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பது புலப்படும். அவ்வேர், எதிரே இருப்பதை உற்று நோக்குதல் ஆகும்.

நல்ல தாதிக்குக் கண்ணே முதற்கருவி. மருத்துவர் நாளில் ஒருமுறையோ இருமுறையோ வந்து பார்த்துவிட்டுச் செல்வார். நோயாளியின் அருகில் நெடும்பொழுது இருப்பவர் தாதியே. முகம் வெளுத்திருக்கின்றதா, மூச்சு சீராக ஓடுகின்றதா, இரவில் உறக்கம் வந்ததா, வைத்த கஞ்சியில் எவ்வளவு உட்சென்றது என்பனவற்றையெல்லாம் அவர் கவனித்தல் வேண்டும். இவை பிறருக்குச் சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் உயிர் பிழைப்பதும் பிழையாததும் பல வேளைகளில் இச்சிறு செய்திகளையே பொறுத்திருக்கும்.

தற்காலச் செவிலியர் கல்விக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவரான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், தாதித் தொழிலைப் பற்றி 1859ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியை உற்று நோக்குதலைப் பற்றித் தனியே ஓர் இயலை அந்நூலில் அமைத்தார். அதே நூலில், நோயாளியின் கண்ணுக்கு அழகிய நிறங்களும் மலர்களும் கிடைக்கச் செய்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தினார். தாம் நோயுற்றிருந்த காலத்தில் யாரோ அனுப்பிய காட்டுமலர்க் கொத்து ஒன்றைக் கண்டதிலிருந்து தம் உடல் விரைந்து தேறலாயிற்று என்பதையும் அவர் குறித்துள்ளார். ஒரு கைப்பிடி மலர் மருந்தாகாது. எனினும், நாள் முழுவதும் வெற்றுச் சுவரையே பார்த்துக் கிடப்பவர்க்கு அதுவே உலகம் மீண்டும் உள்ளே வரும் வாயிலாகிறது.

நிழற்படக் கலைஞரின் தொழிலும் இத்தகையதே. நிழற்படக் கருவியின் திரை திறந்து மூடும் நேரம் ஒரு நொடியிலும் மிகச் சிறு பகுதி. அதற்குள் ஒளி உட்புகுந்து காட்சியைப் பதித்துவிடும். அந்தச் சிறு பகுதி கடந்துவிட்டால் அது திரும்ப வாராது. தாயின் முகத்தில் தோன்றும் புன்னகையும், கூலியாளின் நெற்றியில் வழியும் வியர்வையும், சாளரத்தின் வழியே விழும் மாலை வெயிலும் கலைஞருக்காகக் காத்து நிற்பதில்லை. ஆகவே, அவர் எப்பொழுதும் விழித்த கண்ணுடன் இருத்தல் வேண்டும். பிறர் ஒன்றுமில்லை என்று கடந்து செல்லும் இடத்தில், இங்கே ஏதோ உள்ளது என்று அவர் நிற்கின்றார்.

தாதி ஒருவரும் நிழற்படக் கலைஞர் ஒருவரும் 1951ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் சந்தித்தனர். அன்றாடப் பொழுதில் உள்ள இன்பத்தை இருவரும் தத்தம் வழியிலே கண்டவர்கள். அவர்கள் சந்திப்பினால் விளைந்த நன்மை இன்றும் எண்ணி மகிழத்தக்கது.

அத்தாதியின் பெயர் மாட் கேலன் என்பது. அவர் 1898ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தமையால், மருத்துவராக இருந்த தம் மாமாவின் இல்லத்தில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பை 1922ஆம் ஆண்டில் முடித்தார்; பின்னர் டஸ்கீகி என்னும் இடத்திலிருந்த புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் தாதித் தொழிலையும் பயின்றார். 1923ஆம் ஆண்டில், தென் கரோலினா மாநிலத்தின் பைன்வில் என்னும் சிற்றூருக்குக் கிறித்தவத் திருச்சபை ஒன்றின் சார்பில் தொண்டு செய்யச் சென்றார். சிறிது காலம் அங்கிருந்துவிட்டுத் திரும்பலாம் என்பதே அவரது எண்ணம். ஆனால், சென்றவர் திரும்பவில்லை. அவ்வூரே அவரது ஊராயிற்று. அம்மக்களே அவருக்குச் சுற்றமாயினர்.

அப்பகுதியின் நிலை அக்காலத்தில் இரங்கத்தக்கதாக இருந்தது. மக்களுள் பெரும்பாலோர் வறுமையில் உழன்ற கறுப்பின உழவர்கள். மழை பெய்தால் பாதைகள் சேற்றுக் குழம்பாகிவிடும். மருத்துவமனையோ நெடுந்தொலைவில் இருந்தது. வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரித்து வைக்கும் கொடிய வழக்கம் அந்நாட்டின் தென்பகுதியில் சட்டத்தின் துணையுடன் நிலவி வந்தது. பள்ளி, ஊர்தி, உணவு விடுதி, மருத்துவமனை ஆகிய எங்கும் இப்பிரிவினை உண்டு. 1964ஆம் ஆண்டில் நிறைவேறிய குடிமை உரிமைகள் சட்டமே பொதுவிடங்களில் இவ்வழக்கத்தைச் சட்டத்திற்கு மாறானதாக்கியது. இத்தகைய சூழ்நிலையில், எளிய கறுப்பினத் தாய்மாருக்குப் பேறுகாலத்தில் உற்ற துணையாக இருந்தவர்கள் மருத்துவச்சியரே.

மாட் கேலன் அம்மையார் தாதியாக மட்டுமன்றி, முறையான பயிற்சி பெற்ற மருத்துவச்சியாகவும் விளங்கினார். ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்புள்ள பகுதிக்கு அவர் ஒருவரே பொறுப்பு. அவர் ஆண்டொன்றுக்கு 36,000 மைல் தொலைவு கார் ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது; நாளொன்றுக்குப் பல வேளைகளில் 16 மணி நேரம் உழைத்தார்; அவர் பெற்ற ஊதியமோ திங்களுக்கு 225 டாலர்தான் என்று அக்கால இதழ் ஒன்று எழுதியது. கார் செல்ல இயலாத இடங்களில் அவர் இறங்கிச் சேற்றிலும் காட்டிலும் நடந்தே செல்வார். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் பிள்ளைப்பேறு பார்ப்பார். தம் பணிக்காலத்தில் அவர் உலகிற்கு வரவேற்ற குழந்தைகள் 600 முதல் 800 வரை இருக்கும் என்பர்.

அவரது தொண்டு அத்துடன் நிற்கவில்லை. ஊரிலிருந்த மற்ற மருத்துவச்சியருக்கு அவர் வகுப்புகள் நடத்தினார். கைகளைத் தூய்மை செய்தல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல், தொப்புள்கொடியை முறையாக அறுத்துக் கட்டுதல் போன்ற எளிய வழக்கங்கள் பேறுகாலத்துத் தாயையும் சேயையும் நோயினின்றும் காக்க வல்லவை. இவற்றைப் பொறுமையுடன் மீண்டும் மீண்டும் கற்பிப்பதும் அவருடைய அன்றாட வேலையாக இருந்தது. ஆடை இல்லாதவர்க்கு ஆடையும், உணவில்லாதவர்க்கு உணவும் தேடிக் கொடுப்பதும் அவர் பணியுள் அடங்கின. இவ்வளவும் செய்த அவரை உலகம் அறியவில்லை. அதனைப் பற்றி அவர் கவலை கொள்ளவும் இல்லை.

நிழற்படக் கலைஞரின் பெயர் யூஜீன் ஸ்மித். இவர் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்னும் நகரில் 1918ஆம் ஆண்டிற் பிறந்தார். இளமையிலேயே படம் பிடிக்கும் கலையில் தேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது, பசிபிக் மாகடல் தீவுகளில் நடந்த போர்களைப் படம்பிடிக்கும் பணியை மேற்கொண்டார். வீரத்தின் பெருமையைப் பாடுவதற்கன்று, போரின் கொடுமையை உலகிற்கு உணர்த்துவதற்கே தம் படங்கள் பயன்படல் வேண்டும் என அவர் விரும்பினார். 1945ஆம் ஆண்டு மே திங்களில் ஒக்கினாவாத் தீவில் குண்டு ஒன்று வெடித்து, அதன் சிதறல் அவர் முகத்தையும் கையையும் சிதைத்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த கை அக்கணமே செயலற்றது.

அதன் பின்னர்ப் பல அறுவை மருத்துவங்கள் நடைபெற்றன. நோவும் சோர்வுமாகத் திங்கள் பல கழிந்தன. மறுபடியும் கருவியைத் தொட முடியுமோ, முடியாதோ என்ற ஐயம் அவரை வாட்டியது. ஆயிரமாயிரம் சாவுகளைக் கண்ட கண்களால் இனி எதனைக் காண்பது என்பது அதனினும் பெரிய வினாவாக நின்றது. இறுதியில், 1946ஆம் ஆண்டில் ஒருநாள், தாம் மீண்டும் எடுக்கும் முதற்படம் போரின் படங்களுக்கு நேர்மாறாக, மென்மையும் தூய்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று உறுதி பூண்டார். கருவியை எடுத்துக்கொண்டு தம் சிறு மக்கள் இருவரின் பின்னே நடந்தார்.

மகனும் மகளும் மரங்கள் அடர்ந்த பாதையில் விளையாட்டாகச் சென்றுகொண்டிருந்தனர். மர நிழலின் இருளைக் கடந்து ஒளி நிறைந்த வெளியை அவர்கள் அணுகினர். அவ்வமயம் தந்தையின் கை வலியால் துடித்தது. கருவியைப் பிடிப்பதே அரிதாக இருந்தது. ஆயினும் அவர் அக்கணத்தை விடவில்லை. இரு குழந்தைகள் இருளினின்று ஒளியை நோக்கி அடியெடுத்து வைக்கும் அப்படம் பிறந்தது. “இன்பச் சோலையை நோக்கி நடை” என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். நியூயார்க் நகரில் 1955ஆம் ஆண்டில் நடைபெற்ற “மனிதக் குடும்பம்” என்னும் பெரிய நிழற்படக் கண்காட்சியின் இறுதிப் படமாக அதுவே வைக்கப்பெற்றது. குழந்தைகள் நடப்பது எந்த வீட்டிலும் எந்த நாளிலும் நிகழ்வதே. ஆனால், வாழ்வில் நம்பிக்கை இழந்திருந்த ஒருவருக்கு அதுவே வாழ்வை மீட்டுத் தந்தது.

இவ்வாறு மீண்டெழுந்த ஸ்மித், “லைப்” என்னும் வார இதழுக்காக எளிய மக்களின் வாழ்க்கையைத் தொடர் படங்களாக எடுக்கலானார். நாட்டுப்புற மருத்துவர் ஒருவரைப் பற்றிய அவருடைய படக்கட்டுரை 1948ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்றது. அதன் பின்னர், மருத்துவச்சியரைப் பற்றி ஒரு கட்டுரை எடுக்கக் கருதினார். தக்க ஒருவரைத் தேடிச் சென்றபொழுது மாட் கேலன் அம்மையாரைக் கண்டார். கண்டதும் தம் தேட்டம் முடிந்ததென்று உணர்ந்தார்.

உடனே கருவியை நீட்டிப் படம் எடுக்க அவர் முற்படவில்லை. அம்மையாரின் பணியை அருகிருந்து கண்டார். அவருடன் இரவும் பகலும் வழி நடந்தார். மக்கள் தம்மை ஓர் அயலாராக எண்ணாதிருக்கும் வரை பொறுத்திருந்தார். படங்களை அச்சிடும் வேலையிலும் அவர் பெரும் பொறுமை உடையவர். இருட்டறையில் ஒரே படத்திற்காக நெடுநேரம் உழைத்து, முகத்தில் எவ்வளவு ஒளி இருத்தல் வேண்டும், பின்புறத்தில் எவ்வளவு இருள் இருத்தல் வேண்டும் என்பதை நுணுகி நுணுகிச் செப்பஞ் செய்வார்.

அக்கட்டுரை 1951ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இதழில் 12 பக்கங்களில் வெளிவந்தது. அதில் அரசர்களும் இல்லை, போர்களும் இல்லை. பேறுகால வலியால் வருந்தும் இளந்தாயின் அருகே அமர்ந்திருக்கும் தாதி இருந்தார். அப்போதுதான் பிறந்த குழந்தையை ஏந்திய கைகள் இருந்தன. மருத்துவச்சியருக்குப் பாடம் சொல்லும் காட்சி இருந்தது. நோயுற்றுத் துவண்ட சிறுவரும், மூப்பினால் தளர்ந்த பெரியோரும் இருந்தனர். மகிழ்ச்சியை மட்டும் காட்டி, துன்பத்தை மறைத்துவிடவில்லை. நல்ல வசதிகளுடன் கூடிய மருத்துவ நிலையம் ஒன்று வேண்டும் என்னும் அம்மையாரின் கனவையும் அக்கட்டுரை உலகிற்கு எடுத்துரைத்தது.

அதனைக் கண்ட மக்களின் உள்ளம் உருகிற்று. ஒருவரும் கேளாமலே, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அம்மையாருக்குப் பணமும் பொருளும் வந்து குவிந்தன. நன்கொடை 20,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்பணத்தைக் கொண்டு பைன்வில்லில் மருத்துவ நிலையம் கட்டப்பெற்று, 1953ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதற்கு அம்மையாரின் பெயரே சூட்டப்பெற்றது. அவர் 1971ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை அங்கே பணியாற்றினார். நிழற்படம் ஒன்று அழகுக்காகச் சுவரில் தொங்குவதோடு நில்லாமல், சுவரையே எழுப்பவும் வல்லது என்பதற்கு அந்நிலையம் சான்றாயிற்று. நிழற்படக் கலை தமக்கு அளித்த அனுபவங்களுள் மிகுந்த நிறைவு தந்தது இதுவே என்று ஸ்மித் பிற்காலத்தில் கூறினார்.

ஓய்வு பெற்ற பின்னரும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. தம்மினும் தளர்ந்த முதியவர்களுக்கு உணவு கொண்டுசென்று கொடுக்கும் தொண்டினைத் தம் எண்பதாம் அகவையைக் கடந்தும் செய்து வந்தார். அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ரீகன் வெள்ளை மாளிகைக்கு வருமாறு அழைத்தபொழுதும், தமக்கு வேலை இருக்கிறது என்று கூறி அவர் செல்லவில்லை என்பர். மாளிகையின் விருந்தினும், தம் வரவை எதிர்நோக்கி வாயிற்படியில் அமர்ந்திருக்கும் முதியவரின் முகமே அவருக்குப் பெரிதாக இருந்தது. 1990ஆம் ஆண்டில், 91ஆம் அகவையில் அவர் காலமானார். ஸ்மித்தும் தம் கலையைப் பிறர் துயர் துடைக்கும் கருவியாகவே இறுதிவரை கையாண்டார். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஆலைக்கழிவில் இருந்த பாதரசத்தினால் மக்கள் கொடிய நோய்க்கு ஆளாயினர். அவர்களுடைய நிலையை 1971 முதல் 1973 வரை அங்கேயே தங்கிப் படமெடுத்து உலகறியச் செய்தார். 1978ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இவ்விருவர் வாழ்வும் உணர்த்தும் உண்மைகள் மூன்று. முதலாவது, கவனம் இருக்கும் இடத்திலேயே இன்பம் பிறக்கின்றது என்பது. எண்ணூறாவது குழந்தையும் முதற்குழந்தையைப் போன்றே புதியது என்று காண வல்லவர்க்குப் பணி ஒருநாளும் சலிப்பதில்லை. பழகிப்போயிற்று என்று கண்ணை மூடிக்கொள்பவர்க்கோ, புதிய உலகம் ஒன்றைப் படைத்துக் கொடுத்தாலும் அது விரைவில் பழையதாகிவிடும்.

இரண்டாவது, தன்னை மறந்து பிறரை நோக்கும்பொழுது மனம் நிறைகின்றது என்பது. தாதி தம் களைப்பை எண்ணிக்கொண்டிருந்தால் நோயாளியின் முகத்தைக் காண முடியாது. கலைஞர் தம் புகழை எண்ணிக்கொண்டிருந்தால் எதிரே நிகழும் கணத்தைக் காண முடியாது. இருவரும் தம்மைச் சற்றே ஒதுக்கி வைத்தமையால்தான் பிறரைத் தெளிவாகக் கண்டனர். இன்பத்தைத் தேடி அவர்கள் போகவில்லை; கடமையில் ஆழ்ந்திருந்த அவர்களை இன்பம் தேடி வந்தது.

மூன்றாவது, அன்றாட இன்பம் என்பது துன்பத்தை அறியாதவரின் விளையாட்டன்று என்பது. ஒருவர் வறுமையின் நடுவிலும் இனக்கொடுமையின் நடுவிலும் வாழ்ந்தார். மற்றவர் போரின் புண்ணைத் தாங்கி வாழ்ந்தார். எல்லாம் நலமாக உள்ளது என்று அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. நலம் இல்லாத இடத்திலும் நன்மையின் சிறு ஒளி உண்டு என்று கண்டு, அதனை வளர்க்கப் பாடுபட்டனர். சேற்றுப் பாதையைச் சேற்றுப் பாதையென்று அறிந்தே அம்மையார் அதில் நடந்தார்; அதன் முடிவில் ஒரு குடிசையும், குடிசைக்குள் ஒரு புதிய உயிரும் இருப்பதை அவர் மறக்கவில்லை.

எல்லோரும் தாதியாகவோ நிழற்படக் கலைஞராகவோ ஆதல் இயலாது. ஆனால், அவர்களுடைய நோக்கினை எல்லோரும் பெறலாம். வைகறையில் அடுப்பு மூட்டும் அன்னையின் முகம், நாள் முழுவதும் உழைத்துத் திரும்பும் தந்தையின் கை, பாடத்தில் தடுமாறும் தோழனுக்கு ஒருமுறை எடுத்துச் சொன்னதும் அவன் கண்ணில் தோன்றும் தெளிவு ஆகியவை நாள்தோறும் எதிர்ப்படுபவை. இவற்றைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சற்றே நின்று நோக்கும் மனமும், நோக்கியபின் உதவ நீளும் கையும் இருந்தால் போதும். அவை இரண்டும் உள்ளவர்க்கு வெறும் நாள் என்று ஒரு நாளும் இல்லை.